குளிர்கிடங்கு வாசலில் உறைந்த பனி: பிறையில் நேர்ந்த ஒரு விபத்தின் ஆய்வு

மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியான பிறையில், உறைய வைத்த இறைச்சியையும் மீனையும் சேமித்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு குளிர்கிடங்கில், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இந்த விபத்து நேர்ந்தது. ஆட்டிறைச்சிக்கும் எருமை இறைச்சிக்கும் தேவை உச்சத்தில் இருக்கும் நாள்கள் அவை. பினாங்கில் மழை வலுக்கும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. பண்டிகைச் சரக்கும் மழையும் ஒரே வாரத்தில் கூடியதை முதலிலேயே குறித்து வைக்கிறேன். காரணங்களைத் தேடிச் சென்றபோது இரண்டும் கிடங்கின் கதவடியில்தான் வந்து சேர்ந்தன. நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் இந்த ஆய்வை மேற்கொண்டேன். நிறுவனத்தின் பெயரும் காயமடைந்தவரின் பெயரும் இங்கே தேவையில்லை.

நடந்தது

காயமடைந்தவருக்கு 54 வயது. அந்தக் கிடங்கிலேயே நீண்ட காலமாக வேலை செய்பவர். இளைய தொழிலாளர்கள் எல்லாரும் அவரை "அண்ணே" என்றுதான் அழைக்கிறார்கள். அன்று காலை அவர் −20 டிகிரி செல்சியஸில் இயங்கும் உறைவு அறையிலிருந்து, பெட்டிகள் அடுக்கிய பேலட் ஒன்றைக் கைவண்டியில் ஏற்றி, வலது கையால் பின்னால் இழுத்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார். வாசற்படியைத் தாண்டும் இடத்தில் முன்னே வைத்த காலின் குதிகால் வழுக்கியது. பின்பக்கமாகச் சாய்ந்தவர் இடது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினார். அடுத்த கணமே இடுப்பும் தரையில் மோதியது.

அவர் மூக்குக்கண்ணாடி அணிபவர் என்பதை முதல் அறிக்கை குறிப்பிடவில்லை. உறைவு அறைக்குள் குளிர்ந்துபோன கண்ணாடி, வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று பட்டவுடன் ஆவி படிந்து மங்கிவிடும். அது மங்கும் இடமும் பனி உறைந்திருந்த இடமும் ஒன்றே. கதவருகில் வெப்பக் காற்றும் குளிர்காற்றும் கலந்து மூடுபனியும் எழுந்திருந்தது. கண் தெரியாத ஓரிரு அடிகளில் கால் எங்கே படுகிறது என்பதை யாராலும் பார்த்திருக்க முடியாது. ஆயினும் மேற்பார்வையாளர் எழுதிய முதல் அறிக்கை, தொழிலாளி கவனமாக நடக்கவில்லை என்ற ஒரே வரியில் காரணத்தை முடித்திருந்தது. அந்த வரியை ஏற்றுக்கொண்டால் அதற்குப்பின் கேட்பதற்குக் கேள்வியே இல்லை. பனி அங்கேயே இருக்கும், அடுத்தவர் விழுவார்.

பனி எங்கிருந்து வந்தது

பினாங்கின் காற்று சுமார் 28 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும்போது ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 22 கிராம் நீராவியைச் சுமந்திருக்கும். −20 டிகிரியில் அதே கன மீட்டர் காற்றால் ஒரு கிராம் அளவுக்கே நீராவியைத் தாங்க முடியும். எஞ்சிய 21 கிராமும் எங்கேனும் படிந்தாக வேண்டும். நூறு கன மீட்டர் வெளிக்காற்று கதவு வழியே நுழைந்தால் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வந்ததாகக் கொள்ளலாம். லாரிக்குச் சரக்கு ஏற்றும்போது கதவு பத்து நிமிடம் திறந்தே கிடந்தால் இந்த அளவு வெகு எளிதாகத் தாண்டிவிடும். அந்த ஈரத்தில் ஒரு பகுதி, அறையைக் குளிர்விக்கும் ஆவியாக்கிச் சுருளில் உறைபனியாகப் பிடிக்கிறது; மற்றொரு பகுதி கதவின் நிலையிலும் கூரையிலும் வாசல் தரையிலும் உறைகிறது. தண்ணீர் ஊற்றாத தரையில் பனிக்கட்டி விளைவது இப்படித்தான்.

கிடங்கின் நடுப்பகுதியில் படியும் உறைபனி வறண்டு கரகரப்பாக இருக்கும். அதன் மேல் நடக்கும்போது காலுக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. வாசலில் நிலைமை வேறு. கதவு திறக்கும்போதெல்லாம் மேற்பரப்பு இளகி, மூடும்போது மறுபடியும் இறுகி, வண்டிச் சக்கரங்கள் ஏறி இறங்கித் தேய்த்து, பனி கண்ணாடிபோல் மெருகேறிவிடுகிறது. உருகுநிலையை நெருங்கிய பனியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1850 இலேயே கருத்துரைத்தார். பின்வந்த ஆய்வுகள் அந்தப் படலத்தை உறுதிப்படுத்தியுள்ளன. சாதாரணமாக நடப்பதற்குக் காலணிக்கும் தரைக்கும் இடையே சுமார் 0.2 என்ற உராய்வுக் கெழு, அதாவது ஒன்றையொன்று பற்றும் அளவு, வேண்டும். ஈரப்பனியில் அது 0.1 க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நடையின் இயல்பான அடியே அங்கே விழுவதற்குப் போதும்.

கதவைச் சுற்றிப் பார்த்தபோது நான்கு குறைகள் தெரிந்தன. கதவின் இடுக்கை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் கீழ்மூலையில் கிழிந்து, மூடிய கதவின் இடுக்கிலும் காற்று புகுந்துகொண்டிருந்தது. கதவுநிலையைச் சூடாக வைக்கும் மின்கம்பி வேலை செய்யவில்லை. அது எப்போது நின்றது என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் கீற்றுத் திரையில் பாதிக் கீற்றுகளைச் சேர்த்து மேலே கட்டிவிட்டிருந்தார்கள். கடைசியாக, சரக்கேற்றும் மேடையின் கூரை விளிம்பிலிருந்து மழைநீர் தெறித்து, உள்ளே செல்பவர்களின் ரப்பர் பூட்ஸ் எப்போதும் நனைந்திருந்தது. நனைந்த பூட்ஸ் உறைந்த தரையை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய நீர்ப்பூச்சு தரையில் ஒட்டி உறைகிறது.

கீற்றுத் திரையைக் கட்டிவிட்டவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய கீற்றுகள் மஞ்சளித்துப் பார்வை புகாமல் போயிருந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு எதிரில் ஆள் வருவது தெரியவில்லை. ஆள்மேல் மோதிவிடக்கூடாது என்ற அச்சத்தால்தான் அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு ஆபத்தை விலக்கியது இன்னொரு ஆபத்தை வளர்த்தது. இதைச் சரிசெய்யும் வழி புதிய தெளிவான கீற்றுகளை வாங்கிப் போடுவதுதான். கட்டியவரைக் கண்டிப்பதோடு நிறுத்தினால் அடுத்த வாரம் அவை மறுபடி மேலே ஏறும்.

விழுந்த பிறகான முதல் அரை மணி நேரம்

இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன். இங்கேதான் நல்லெண்ணம் கொண்டவர்கள் பல தவறுகளைச் செய்தார்கள், அவை மற்ற கிடங்குகளிலும் அப்படியே நடக்கக்கூடியவை.

சத்தம் கேட்டு ஓடிவந்த இருவர் அவருடைய அக்குளில் கைகொடுத்து உடனே தூக்கி நிறுத்தினார்கள். அவரும், "ஒண்ணும் இல்லப்பா, கையதான் ஊனிட்டேன்" என்று சொல்லி நிற்க முயன்றார். விழுந்தவர் தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. கூச்சமும் அதிர்ச்சியும் சேர்ந்து முதல் சில நிமிடங்களுக்கு வலியை மறைத்துவிடும். கழுத்திலோ முதுகிலோ வலி இருக்கிறதா, கைகால் விரல்களை அசைக்க முடிகிறதா, மரத்துப்போன உணர்வு எங்காவது உண்டா, தலை எதிலாவது மோதியதா என்று கேட்டறிந்த பிறகே அசைக்க வேண்டும். இடுப்பில் வலி இருந்து, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்திருக்கலாம். அவரை நிற்க வைக்கவே கூடாது. இவருக்கு இடுப்பில் வெறும் கன்றிய காயம் மட்டுமே என்பது பின்னர் தெரிந்தது.

ஆனால் உறைவு அறைக்குரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. வெளித்தரையில் விழுந்தவரை ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருக்கலாம். −20 டிகிரித் தரையில் கிடப்பவரின் உடல்சூட்டைத் தரை விரைவாக உறிஞ்சிவிடும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது அங்கே முக்கியம். ஆகவே இரண்டு நிலைகளுக்கும் முன்கூட்டியே முடிவு வேண்டும். கழுத்து, முதுகு, இடுப்பு வலி இல்லாதவரை உடனே வெளியே கொண்டுவரலாம். வலி உள்ளவரை, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து ஒருபக்கமாகத் திருப்பி, கீழே கெட்டி அட்டைகளையும் கம்பளியையும் செருகி, உறைவு அறைக்கு வெளியே தூக்குப்படுக்கையில் நகர்த்த வேண்டும். அட்டைப்பெட்டிகள் கிடங்கில் எப்போதும் கிடைக்கும் பொருள். தூக்குப்படுக்கையோ மாடி அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. இப்போது அது கதவுக்கு வெளியே சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது.

கிடங்கில் தமிழர்களோடு நேப்பாளத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவசரத்தில் பொதுவாக எல்லாருக்கும் புரிவது எளிய மலாய்தான். "ஜாங்கான் அங்காட் டூலு" (இப்போதைக்குத் தூக்காதீர்கள்) என்று ஒருவர் உரக்கச் சொல்லியிருந்தால் அந்த இருவரும் தூக்கியிருக்க மாட்டார்கள். முதலுதவிப் பயிற்சியில் இத்தகைய நாலைந்து மலாய் வாக்கியங்களை எல்லார் வாயிலும் பழக்கிவிட வேண்டும் என்பது என் பரிந்துரைகளில் ஒன்று.

அடுத்து, உட்கார வைத்தவுடன் சூடான மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். குளிரில் நடுங்கியவருக்கு அன்போடு கொடுத்தது அது. ஆனால் முறிந்த எலும்பை மயக்க மருந்து கொடுத்து நேராக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். பால் கலந்த பானத்துக்குப் பின் பொதுவாக ஆறு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். அவருடைய சிகிச்சை அந்தக் காரணத்தால் தள்ளிப்போனது. எலும்பு முறிவு என்ற சந்தேகம் இருந்தால் கம்பளி போர்த்துங்கள், ஈர உடையை மாற்றுங்கள். வாய்வழியே எதையும் கொடுக்காதீர்கள்.

இடது கையில் அவர் திருமண மோதிரம் அணிந்திருந்தார். கையுறையைக் கழற்றியபோது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. முதல் சில நிமிடங்களில் மோதிரத்தைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல் தடித்து, மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பொன் போனதைவிட, வீங்கிய விரலில் இரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்துதான் பெரியது. கை காயமென்றால் மோதிரம், கடிகாரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் உடனே நீக்கிவிட வேண்டும். பிறகு மணிக்கட்டை இருந்த நிலையிலேயே, சுருட்டிய தடித்த அட்டையையோ மாத இதழையோ அசையாமல் தாங்கும் சிம்பாக வைத்துத் துணியால் கட்டி, கழுத்திலிருந்து தொங்கவிடலாம். வீக்கத்துக்குப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி இருபது நிமிடத்துக்கு மிகாமல் வைக்கலாம். வெறும் தோலில் வைக்கக்கூடாது.

அவருடைய வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசியவர்கள், தெரிந்த ஒருவரிடம் "உருட்" (எண்ணெய் தேய்த்து உருவிவிடுதல்) போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். தசைப்பிடிப்புக்கு உருவிவிடுவது நம் ஊரில் எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம்; அதை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால் முறிந்த எலும்பை நீவினால் முனைகள் விலகி, அருகில் ஓடும் நரம்பையும் இரத்தக்குழாயையும் கிழிக்கக்கூடும். எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் தொடக்கூடாது என்று மேற்பார்வையாளர் உறுதியாகச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பியது சரியான முடிவு.

காயமும் அதன் தொடர்ச்சியும்

எக்ஸ்ரேயில், முன்கையின் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் கீழ்முனை முறிந்து பின்பக்கம் விலகியிருந்தது தெரிந்தது. விரித்த உள்ளங்கையை ஊன்றி விழுபவர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும் முறிவு இது. அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் 1814 இல் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட பின் விரல்கள் நீலம் பாரித்தால், சில்லிட்டால், மரத்தால், வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திராமல் திரும்பிப் போக வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

இதே வகை விழுதலில் வேறொரு முறிவு மறைந்துகொள்ளும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் வெளிப்பக்கக் குழியில் அழுத்தினால் வலிப்பது, அங்குள்ள படகு வடிவச் சிற்றெலும்பு முறிந்ததற்கு அறிகுறி. முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். பத்துப் பதினான்கு நாள் கழித்து மீண்டும் படம் எடுப்பது அதற்காகத்தான். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று கேட்டு வேலைக்குத் திரும்பிய தொழிலாளிக்குக் கட்டைவிரல் பக்கம் வலி தொடர்ந்தால், எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடிந்துவிட்டது என்று விட்டுவிடாமல் மறுபடி அனுப்ப வேண்டும்.

தலை மோதவில்லை என்றே உடனிருந்தவர் சொன்னார். எனினும் விழுந்த வேகத்தில் அவரும் முழுமையாகப் பார்த்திருக்க முடியாது. ஆகவே அன்றிரவு தனியாக விடாமல் கவனிக்கச் சொன்னோம். வாந்தி, கூடிவரும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் 999 ஐ அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவராக இருந்தால், தலை மோதியபின் அறிகுறி வரும்வரை காத்திருக்கவே கூடாது.

அவருக்கு நீரிழிவு உண்டு. மலேசியாவில் தேசிய உடல்நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருவதுபோல், நீரிழிவு இந்தியர்களிடையே மற்றவர்களைவிட அதிகம். நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்வைக் குறைக்கிறது; குளிர் அதை மேலும் மந்தமாக்குகிறது. கால் வழுக்கத் தொடங்குவதை உணர்ந்து உடலைச் சமன்செய்ய வேண்டிய அந்தக் கண்ணிமைப்பொழுது இத்தகையவர்களுக்குக் கிடைப்பதில்லை. இதைக் காரணம் காட்டி அவர்களை வேலையிலிருந்து விலக்கும்படி நான் சொல்லவில்லை. உறைவு அறையில் வேலை செய்பவர்களின் பாதங்களை ஆண்டுக்கொருமுறை சோதித்து, தொடர்ந்து உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைத்து, உலர்ந்த காலுறை மாற்றிக்கொள்ள வசதி செய்வது நிறுவனத்தின் கடமை.

விபத்தை 48 மணி நேரத்துக்குள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்குத் தெரிவித்தார்கள். வேலையிடத்து விபத்தால் நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு கிடைத்தால், கணக்கிடப்படும் சராசரித் தினக்கூலியில் 80 சதவீதம் தற்காலிக இயலாமை உதவியாகக் கிடைக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 முதல் இந்தக் காப்பு உண்டு. பலருக்கு அது இன்னும் தெரியாமலேயே இருக்கிறது. நான்கு நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாத காயம் என்பதால், தொழிலியல் பாதுகாப்பு சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி.க்கும் உடனே தகவல் கொடுத்து, ஏழு நாளுக்குள் ஜே.கே.கே.பி. 6 படிவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஐந்து பேருக்குக் குறையாத பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். இங்கே அப்படி ஒருவர் பெயரளவில் இருந்தார். கதவின் மின்கம்பியைச் சோதிப்பது அவருடைய பட்டியலில் இல்லை.

மாற்றங்கள்

விபத்து நடந்த அன்றே யாரோ கல்லுப்பை வாசலில் தூவிவிட்டிருந்தார்கள். பனிநாடுகளின் சாலைகளில் உப்பு தூவுவதைத் தொலைக்காட்சியில் பார்த்ததால் வந்த யோசனை. உப்புநீர் எவ்வளவு செறிவானாலும் −21 டிகிரி அளவில் உறைந்துவிடும். அதை நெருங்கிய குளிரில் உப்பு ஏறத்தாழப் பயனற்றது. வாசலருகே சற்றுச் சூடான இடத்தில் அது வேலை செய்தாலும், கரைந்த உப்புநீர் கதவுநிலையையும் வண்டிச் சக்கரங்களையும் அரித்து, உணவுப் பெட்டிகளையும் தொட்டுவிடும். அதை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பதில் தட்டையான இரும்புச் சுரண்டியால் ஒவ்வொரு வேலைநேரத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் வாசலைச் சுரண்டி, சில்லுகளைப் பெருக்கி வெளியே எடுக்கிறார்கள். சுரண்டியவர் கையெழுத்திடும் தாள் கதவிலேயே தொங்குகிறது.

கேஸ்கெட்டும் மின்கம்பியும் அதே வாரத்தில் மாற்றப்பட்டன, செலவு அதிகமில்லை. புதிய தெளிவான கீற்றுகள் போட்டபின் அவற்றை யாரும் கட்டவில்லை. சரக்கை வாசலுக்கு அருகே முன்கூட்டியே அடுக்கி, லாரி வந்தபின் ஒரே மூச்சில் ஏற்றுவதால் கதவு திறந்திருக்கும் நேரம் கணிசமாகக் குறைந்தது. மேடையின் கூரையை நீட்டி, வாசலுக்கு முன் நீரை உறிஞ்சும் தடித்த மிதியடி போட்டார்கள்.

பூட்ஸ் பற்றி நிறுவனம் முதலில் தயங்கியது. சாதாரண ரப்பர், பிவிசி பூட்ஸின் அடிப்பாகம் குளிரில் இறுகி, பனியைப் பற்றும் தன்மையை இழந்துவிடுகிறது. குளிருக்கென விற்கப்படும் எல்லாக் காலணியும் பனியில் பிடிக்கும் என்றும் எண்ணக்கூடாது: கனடாவின் டொரன்டோவில் உள்ள மறுவாழ்வு ஆய்வு நிலையம், செயற்கைப் பனிச்சரிவில் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்து 2016 இல் வெளியிட்ட முடிவுகளில், சோதித்த குளிர்காலக் காலணிகளில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆகவே விலையையும் தோற்றத்தையும் பார்க்காமல், உறைநிலையிலும் இளகிய தன்மை மாறாத அடிப்பாகம் கொண்டவற்றை வரவழைத்து, சிலர் கிடங்கிலேயே அணிந்து நடந்து பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பூட்ஸ் உறைவு அறைக்கு மட்டுமே. மேடையில் நனையாமல் கதவருகே மாற்றிக்கொள்ள ஒரு பெஞ்சு வைக்கப்பட்டது.

நடையையும் பழக்கினோம். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் தட்டையாகப் படும்படி, உடல் எடை முன்காலின் நேர்மேலே இருக்குமாறு, கைகளைச் சட்டைப்பையில் விடாமல் நடப்பது முதலில் பலருக்குச் சிரிப்பாக இருந்தது. வாசலில் நின்று கண்ணாடி தெளிந்த பிறகே வண்டியை நகர்த்துவது என்ற விதியை காயமடைந்த அந்த அண்ணனே மாவுக்கட்டோடு வந்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் நடைப்பயிற்சியைப் பட்டியலின் கடைசியில்தான் வைக்கிறேன்; தரையில் பனியே இல்லாதபோது யாரும் பென்குவின்போல் நடக்க வேண்டியதில்லை.

மீதமிருப்பது பெரிய வேலை. கதவுக்கு வெளியே 5 டிகிரிக்குக் கீழே, ஈரம் நீக்கிய காற்றோடு ஒரு இடையறை அமைத்தால் வெளிக்காற்று நேராக உறைவு அறையைத் தொடாது. அதற்கான மதிப்பீடு நிர்வாகத்திடம் கிடக்கிறது. பண்டிகைக் காலத்துக்கு முன் அதைக் கட்டிமுடிக்க வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். அதுவரை தினமும் சுரண்டும் வேலை நிற்கக்கூடாது. காயமடைந்தவர் கட்டுப் பிரித்து, கைப்பயிற்சிக்குச் சென்று வருகிறார். பிடிவலு முழுமையாகத் திரும்பும்வரை அவர் உறைவு அறைக்கு வெளியே சரக்குக் கணக்குப் பார்க்கிறார், சம்பளம் குறைக்கப்படவில்லை.